‘ஹோலோகிராஃபிக்’னு சொல்லி விக்கிற ரெட் டாட்: ஏர் ரைபிள் வச்சிருக்கிறவங்க பார்த்து வாங்குங்க

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் தோப்புல அட்டை கட்டி ஏர் ரைபிள் சுடற ஆளுங்களுக்குத்தான் முக்கியமா இதை எழுதறேன். வாளையாறு தாண்டி கோயம்புத்தூர் பக்கம் ஒரு கடை. இன்ஸ்டாகிராம்ல தினம் வீடியோ போடறாங்க. கடை பேரை இங்க போடலை, புகார் நடந்துட்டிருக்கு. ஆனா அவங்க விக்கிற சரக்கு எப்படிப்பட்டதுன்னு சொல்லிட்டா, பேர் இல்லாமலே கண்டுபிடிச்சுக்குவீங்க.

வயசு நாப்பத்தஞ்சு தாண்டினா ஓபன் சைட்ல, அதாவது துப்பாக்கி மேலயே இருக்கற சாதா குறில, பின் குறி, முன் குறி, அட்டை மூணையும் ஒரே நேரத்துல கண்ணு தெளிவாப் பிடிக்காது. ரெட் டாட்ங்கறது துப்பாக்கி மேல மாட்டற, குறி பார்க்கற கண்ணாடி; அதுல அந்தத் தொல்லை இல்லை. அட்டையைப் பார்த்தாப் போதும், சிவப்புப் புள்ளி அது மேலயே நிக்கும். ஸ்கோப் அளவுக்குக் காசும் வேண்டாம், கனமும் இல்லை. அதனாலதான் தேடினேன்.

வீடியோல சொன்னது: “ஒரிஜினல் ஹோலோகிராஃபிக், 3 எம்ஓஏ, ஷாக் ப்ரூஃப், எந்த ஏர்கன்னுக்கும் உக்காரும், போட்டிக்கும் கொண்டு போலாம்.” எம்ஓஏங்கறது புள்ளி எவ்வளவு பெருசுன்னு சொல்ற கோண அளவு. விலை 4,800 ரூபாய். போன்ல கேட்டப்பவும் அதையேதான் சொன்னாங்க. ஜிபேல பணம் போட்டேன், கூரியர்ல பெட்டி வந்துச்சு. பெட்டி மேல பேர் பெத்த ஒரு அமெரிக்க பிராண்டோட எழுத்து, உள்ள இருந்த கையேட்டுல ஒரு வரிகூட ஒழுங்கான இங்கிலீஷ் இல்லை. பில் இல்லை.

வீடியோல சொன்ன ஒவ்வொண்ணையும் எடுத்துப் பார்ப்போம்.

முதல்ல ஹோலோகிராஃபிக். சந்தைல மூணு வேற வேற சாமான் ஒரே பேர்ல ஓடுது. ஒண்ணு லேசர், இலக்கு மேலயே ஒளி விழும். அது சைட்டே இல்லை, டார்ச் ஜாதி. ரெண்டாவது சாதா ரெட் டாட்: பின்னாடி ஒரு சின்ன எல்இடி, அதோட வெளிச்சத்தை முன் கண்ணாடி நம்ம கண்ணுக்குத் திருப்பி அனுப்பும். சுவீடன்ல எய்ம்பாயிண்ட் கம்பெனி 1975ல கொண்டுவந்த வகை இது, இன்னிக்கு விக்கறதுல பெரும்பாலும் இதுதான். மூணாவதுதான் ஹோலோகிராஃபிக். அதுல லேசரும் கண்ணாடிக்குள்ள பதிச்ச ஹோலோகிராமும் இருக்கும். அமெரிக்காலயே நானூறு டாலர் வாக்குல ஆரம்பிக்கற சாமான் அது. அது 4,800 ரூபாய்க்குக் கிடைக்கும்னு சொன்னாலே விஷயம் முடிஞ்சுது. பார்த்தாலும் தெரியும்: எல்இடி வகைல முன் கண்ணாடி சிவப்பாவோ நீலமாவோ பளபளக்கும், சிவப்பு ஒளியைத் திருப்ப அந்தப் பூச்சு வேணும். எனக்கு வந்தது டப்பா வடிவத்துல ஹோலோகிராஃபிக் மாதிரி இருந்துச்சு, கண்ணாடி பொன்வண்டு மாதிரி மினுங்குச்சு. எல்இடினு சொல்லி வித்திருந்தா எனக்கு அதுல ஒரு குறையும் இல்லை. நான் தேடினதே அதைத்தான்.

அடுத்தது ‘எந்த ஏர்கன்னுக்கும் உக்காரும்’. நம்ம ஊர் ஏர் ரைபிள்ல பாதிக்கு மேல 11 மில்லிமீட்டர் டவ்டெயில், அதாவது சைட் மாட்டறதுக்கு மேல வெட்டியிருக்கற ஒடுக்கமான காடி. இந்த சைட்டோட அடில இருக்கற கவ்வி, அகலமான பிக்காட்டினி ரெயிலுக்குச் செஞ்சது. மேல வச்சா நழுவுது. போன் பண்ணினா, “அண்ணா, அதுக்கு அடாப்டர் தனி, 650” என்கிறான். அடாப்டரும் வாங்கினேன். போட்டதும் சைட் உசரமாயிடுச்சு, கன்னத்தைக் கட்டைல வைக்க முடியலை, தாடைதான் படுது.

போட்டிக்கும் ஆகும்கறது முழுப் பொய். சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்போட (ஐஎஸ்எஸ்எஃப்) 10 மீட்டர் ஏர் ரைபிள்ல டயாப்டர் மாதிரி துளை வழியாப் பார்க்கற சைட்தான், புள்ளி காட்டற எதுக்கும் இடமில்லை. அந்த அட்டைல பத்துப் பாயிண்ட் வெறும் அரை மில்லிமீட்டர் பொட்டு. 1 எம்ஓஏங்கறது 100 மீட்டர்ல சுமார் 2.9 சென்டிமீட்டர், அப்போ 10 மீட்டர்ல 2.9 மில்லிமீட்டர். 3 எம்ஓஏ புள்ளி அங்க ஒம்பது மில்லிமீட்டரை மறைக்கும். கிளப்புக்குப் போற பையன், பொண்ணுக்கு வாங்கித் தர நினைக்கிற பெத்தவங்க இந்த ஒண்ணையாவது மனசுல வைங்க.

இப்போ ஷாக் ப்ரூஃப். ஸ்பிரிங் துப்பாக்கில உதை ரெண்டு பக்கமும் வரும். பிஸ்டன் முன்னாடி பாயறப்போ துப்பாக்கி பின்னாடி வரும். பிஸ்டன் சிலிண்டர் முனைல போய் மோதினதும் துப்பாக்கி முன்னாடி வெட்டி இழுக்கும். தோட்டா துப்பாக்கியோட உதையை வருஷக்கணக்காத் தாங்கற சைட்கூட இந்த முன்னிழுப்புல கழண்டு போறது உண்டு. அதனால வாங்கறப்போ ‘ஸ்பிரிங் ஏர் ரைபிளுக்கு வாரண்டி உண்டா’ன்னு அந்த வார்த்தையிலயே கேக்கணும். பிசிபி, அதாவது காத்தை முன்கூட்டியே அடைச்சு வச்சுச் சுடற துப்பாக்கின்னா இந்தக் கவலை குறைவு.

என் சைட் ஒரு பெல்லட் டப்பாகூட முடிய விடலை. முதல்ல குறி இடது பக்கம் ஓடுச்சு. திருகைக் கிளிக் கிளிக்னு திருப்பினேன், புள்ளி அசையலை. இன்னும் திருப்பினேன், ஒரேயடியா அந்தப் பக்கம் தாவுச்சு. அப்புறம் பார்த்தா புள்ளியே ரெண்டா, வால் வச்ச மாதிரி தெரியுது. காதுகிட்ட வச்சு ஆட்டினா உள்ள எதுவோ உருளற சத்தம்.

எடுத்துட்டு நேரா கடைக்கே போனேன். கல்லாவுல இருந்த தம்பி கைல வாங்கி ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்துட்டு, “சார், சைட் நல்லாத்தான் இருக்கு. உங்க கண்ணுல ஆஸ்டிக்மாட்டிசம். அப்படி இருந்தாப் புள்ளி சிதறித்தான் தெரியும், போய் டாக்டரைப் பாருங்க”ன்னான். ஆஸ்டிக்மாட்டிசம்ங்கறது கண்ணோட வளைவு சீரா இல்லாத குறை. அவன் சொன்னதுல பாதி உண்மை இருக்கு, அதனாலதான் நிறையப் பேர் வாயை மூடிட்டு வந்துடறாங்க. ஆஸ்டிக்மாட்டிசம் இருந்தா நல்ல ரெட் டாட்லகூடப் புள்ளி நசுங்கித் தெரியும். ஆனா கேமராவுக்கு ஆஸ்டிக்மாட்டிசம் கிடையாதே. சைட்டை அவன் மேஜை மேலயே வச்சு, வெளிச்சத்தைக் குறைச்சு, மொபைலைப் பின்னாடி பிடிச்சு ஒரு போட்டோ எடுத்துக் காட்டினேன். போட்டோலயும் ரெண்டு புள்ளி. பார்த்தான், பேசலை. உள்ள இருந்து பெரியவர் வந்தார். “சுட்ட சாமானுக்கு ரிட்டர்ன் இல்லைங்க.” சுடாம சைட்டை வேற எதுக்கு வாங்கறதுன்னு கேட்டேன். அதுக்கு வந்த பதில்: “நீங்க கேரளா, கடை தமிழ்நாடு. எங்க போய் கேஸ் போடுவீங்க?”

எல்லையோரத்துல இருக்கிற நம்மளைப் பார்த்து அடிக்கடி சொல்ற வசனம் இது, அதனால கொஞ்சம் விளக்கமாச் சொல்றேன். பழைய 1986 சட்டத்துல, எதிர்த்தரப்பு இருக்கற ஊர்லயோ விவகாரம் நடந்த இடத்துலயோதான் போகணும். 2020 ஜூலைல அமலுக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019ல, புகார் தர்றவர் குடியிருக்கற மாவட்டத்துலயே போடலாம். அப்போ எனக்குப் பாலக்காடு போதும், கோயம்புத்தூருக்கு அலைய வேண்டியதில்லை. சாமானுக்குக் குடுத்த பணம் அஞ்சு லட்சம் வரைக்கும்னா கட்டணம் கிடையாது. ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். அதுக்கு முன்னாடி தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் பண்ணிப் பதிவு பண்ணினா, அவங்களே கடைகிட்டப் பேசுவாங்க. இணையத்துல விக்கறவங்களுக்கு 2020 ஈ-காமர்ஸ் விதிகளும் இருக்கு: குறையுள்ள சாமானையோ, விளம்பரத்துல சொன்னதுக்கு மாறான சாமானையோ திருப்பி எடுக்க மாட்டேன்னு சொல்ல முடியாது. பில் இல்லாட்டியும் ஜிபே ரசீது, வாட்ஸ்ஆப் பேச்சு, கூரியர் சீட்டு மூணும் ஆதாரம். அந்த இன்ஸ்டாகிராம் வீடியோவை முதல் வேலையா ஸ்கிரீன் ரெக்கார்ட் பண்ணி வச்சுக்கோங்க. நான் பண்ணின மறுநாளே அவங்க அதை எடுத்துட்டாங்க.

கம்மி விலைல நல்லதே இல்லைன்னு சொல்ல வரலை. புஷ்னெல் டிஆர்எஸ்-25, சிக் சாவர் ரோமியோ 5, ஹோலோசன் மாடல் சிலது எல்லாம் அமெரிக்காவுல இருநூறு டாலருக்குள்ள விக்கிற எல்இடி சைட்டுங்க. அதுக்கும் நம்ம ஊர்ல டூப்ளிகேட் வருது, அதனால பெட்டியை நம்பாம சாமானைக் கைல பிடிச்சுப் பாருங்க. சைட்டை அசையாம மேஜைல வச்சு, சுவத்துல ஒரு ஆணி மேல புள்ளியை நிறுத்தி, தலையை மட்டும் ஆட்டுங்க. கிட்டக்க இருக்கற குறில புள்ளி கொஞ்சம் நகரத்தான் செய்யும். பெரும்பாலான சைட்டை 50 கஜத்துலயோ 100 கஜத்துலயோ இந்த நகர்வு வராதபடி சரி பண்ணியிருப்பாங்க. 50 கஜத்துக்குச் சரி பண்ணின நல்ல சைட்லயே, கண்ணு ஒரு சென்டிமீட்டர் தள்ளினா 10 மீட்டர்ல குறி முக்கால் சென்டிமீட்டருக்கு மேல மாறும். அதனால வாசல் தாண்டித் தெருக்கோடில ஒரு கம்பத்தைக் குறி வைங்க. அங்கயும் புள்ளி அலைஞ்சா வச்சுட்டு வந்துடுங்க. திருகைப் பத்து கிளிக் அந்தப் பக்கம், பத்து கிளிக் இந்தப் பக்கம் திருப்பி, புள்ளி பழைய இடத்துக்கே வருதான்னும் பாருங்க. பேட்டரி சிஆர்2032 வகையா இருந்தா எங்கயும் கிடைக்கும்.

ஒண்ணு தனியாச் சொல்லணும். அந்தக் கடை வீடியோல ‘பன்னிக்கும் ஆகும்’னு வேற சொல்றாங்க. குண்டோட அளவு 4.5 மில்லிமீட்டர், சக்தி 20 ஜூலுக்குள்ள இருக்கறதாலதான் நம்ம ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம். அதால பன்னிக்குக் காயம்தான் ஆகும், வெறியேறித் திரும்பி வரும். 1972 வனவிலங்குச் சட்டத்துல கேஸும் ஆகும், பறவையைச் சுட்டாலும் அதே கதைதான். கேரளாவுல 2022ல இருந்து பஞ்சாயத்து உத்தரவு போட்டு, லைசென்ஸ் துப்பாக்கிக்காரங்களைக் கூப்பிட்டுத்தான் பயிரை நாசம் பண்ற பன்னியைச் சுட வைக்கிறாங்க. என் மச்சான் அந்தப் பட்டியல்ல இருக்கான். அவனும் இதே சைட்டைத் தன்னோட 12 போர் தோட்டா துப்பாக்கில மாட்டலாமான்னு கேட்டுட்டிருந்தான். பத்தடில பன்னி பாயறப்போ புள்ளி ரெண்டாத் தெரிஞ்சா என்ன ஆகும்னு கேட்டேன், விட்டுட்டான்.

1915ல பதிவு எண் வந்திருக்கு. கடை பாதிப் பணம் தர்றேன்னு சொல்லியிருக்கு, அடாப்டரையும் சேர்த்து முழுசா வேணும்னு சொல்லிட்டேன். தரலைன்னா பாலக்காட்டுல போடறேன். இதே டப்பா வடிவ சைட், பில் இல்லாம, 650 ரூபாய் அடாப்டரோட யாருக்காவது வந்திருந்தா பெட்டியோட அடிப்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்க. எனக்கு வந்த பெட்டில சீரியல் நம்பர் அச்சடிச்சது இல்லை, ஸ்டிக்கர்தான். உங்களுதுலயும் அதே நம்பர் இருந்தா புகாரோட சேர்த்துடலாம்.