சுடுதளத்தில் துப்பாக்கி விசைப் பாடம்: கோலாலம்பூர் தொடக்க வகுப்பு ஒன்றின் விமர்சனம்

1960 ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருக்க முடியாத நமக்கு, தொட்டுப் பார்க்க இப்படியொரு வகுப்புதான் வழி. தோட்டா இல்லை என்று இருமுறை பார்த்த பிறகே கையில் தருகிறார்கள். அதற்கே முழு மதிப்பெண்.

1911 ரகக் கைத்துப்பாக்கி சிங்கிள் ஆக்‌ஷன்: தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியல் முன்பே பின்னிழுபட்டிருக்க வேண்டும், விசை (விரலால் இழுக்கும் டிரிக்கர்) அதை விடுவிக்க மட்டுமே செய்யும். டபுள் ஆக்‌ஷன் ரிவால்வரில் அதே விசை சுத்தியலைத் தூக்கி, தோட்டாக்கள் இருக்கும் உருளையையும் சுழற்றுகிறது. அதனால்தான் இழுவை நீளம், கனம்.

இரண்டும் கலந்த பெரெட்டா 92 கைத்துப்பாக்கிதான் புதியவர்களைக் குழப்பும்: முதலில் டபுள், பிறகு சிங்கிள். முதல் தோட்டாவுக்கு ஏறக்குறைய 5 கிலோ இழுவை, அடுத்ததற்குப் பாதி. பாரத்தோடு மல்லுக்கட்டியதில் முதல் குண்டு இலக்குக்குக் கீழே போகும். பழகிய வேகத்தில் விரல் அழுத்த, இரண்டாவது எதிர்பாராமல் வெடிக்கும். பயிற்றுநர் இதை இரண்டே வரியில் கடந்துவிடுகிறார். சுத்தியலைப் பத்திரமாக இறக்கும் டீகாக்கரையும் காட்டவில்லை. பெரிய குறை.

குளோக் கைத்துப்பாக்கியைப் பயிற்றுநர் வெறுமனே 'டபுள் ஆக்‌ஷன்' என்பதும் அரைகுறை. வெளிச் சுத்தியலே கிடையாது. மேலே முன்பின் நகரும் ஸ்லைடு, தோட்டாவைக் குத்தும் உள் ஊசியான ஸ்ட்ரைக்கரைப் பாதி இழுத்து வைக்கும், மீதியை விசை முடிக்கும். எல்லாத் தோட்டாவுக்கும் ஒரே இழுவை, சுமார் 2.5 கிலோ. புதியவர் இதில் தொடங்கலாம். கையால் போடும் தனிப் பாதுகாப்புப் பூட்டு இல்லை, ஆகவே குறி பார்க்கும்வரை விரல் விசைக்கு வெளியே.