தலை வெட்டிய 'கட்லா'வை நம்பாதீர்கள்

மூன்று வாரத்துக்கு முன் அம்மா தொண்டையில் மீன்முள் சிக்கி, ராத்திரியோடு ராத்திரியாகக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஓடினோம். இடுக்கியால் எடுத்துவிட்டார், இப்போது நலம். எனக்குத்தான் கோபம் ஆறவில்லை.

அம்மாவுக்குப் பார்வை மங்கல். அதனால் பெரிய கட்லாவாகத்தான் வாங்குவேன். அதன் சதைக்குள்ளும் முள் உண்டு என்றாலும், பெரிய மீனில் விரலுக்குத் தட்டுப்படும், எடுத்துவிடலாம். அன்று வழக்கமான ஆள் இல்லை. வேறொருவர் தலையை எடுத்து, செதில் சுரண்டி, துண்டு போட்டு வைத்திருந்தார். "கட்லாதானேண்ணே?" என்று கேட்டேன். "கட்லாதான் தம்பி, காலையில தூண்டில்ல மாட்டினது" என்றார். கட்லா விலையைத்தான் கொடுத்தேன்.

அது வெள்ளிக் கெண்டை (சில்வர் கார்ப்). மிச்சமிருந்த துண்டுகளை மறுநாள் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோது தெரிந்தது. செதிலைச் சுரண்டினாலும் தோலில் தடம் இருக்கும். கட்லாவுக்குத் தடம் பெரிதாக இருக்கும். செவுளிலிருந்து வால்வரை உடலின் பக்கவாட்டில் ஓடும் பக்கக்கோட்டில் எண்ணினால் 40 சொச்சம் செதில்தான். இதில் பொடிப்பொடியாகத் தடம். வெள்ளிக் கெண்டைக்கு அந்தக் கோட்டில் 100 அளவில் செதில் இருக்கும். வயிற்றுத் துண்டின் அடியில் கத்தி முனை போல ஒரு விளிம்பு ஓடியது. கட்லாவுக்கு அது கிடையாது.

தலை இருந்திருந்தால் வாங்கும்போதே சொல்லியிருப்பேன். இரண்டுக்கும் மீசை இல்லை, வாய் மேல்நோக்கி இருக்கும், அதை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். கண்ணைப் பாருங்கள்: வெள்ளிக் கெண்டைக்கு அது தலையின் கீழ்ப்பக்கம் இறங்கி இருக்கும். செவுளைத் திறந்தால் உள்ளே சல்லடை முட்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பஞ்சு போலத் தெரியும். நீரில் மிதக்கும் நுண்பாசியை வடிகட்டித் தின்னும் மீன் அது. சாதாரண இரைக்குத் தூண்டிலில் மாட்டுவது அபூர்வம். ஆக, தூண்டில் கதையும் பொய். மாவுருண்டைக்குச் சாதாக் கெண்டை வரும். வாயோரம் இரண்டு ஜோடி மீசை, முதுகில் நீண்ட துடுப்பு, குழந்தைகூட அடையாளம் சொல்லிவிடும்.

வெள்ளிக் கெண்டை கெட்ட மீன் என்று நான் சொல்ல வரவில்லை. பெயரைச் சொல்லியிருந்தால் அதற்கேற்பச் சமைத்திருப்பேன். சதைக்குள் Y வடிவில் மெல்லிய முட்கள் நிறைய இருக்கும். தோல் பக்கம் அறுந்துவிடாமல் நாலைந்து மில்லிமீட்டர் இடைவெளியில் நெருக்கமாகக் கீறி, நன்கு காய்ந்த எண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரித்தால் முள் நறுங்கிவிடும். குழம்பில் முழுத் துண்டாகப் போட்டதுதான் எங்களுக்கு வினையானது.

இன்னொன்று, இது முள்ளைவிடப் பெரிய ஆபத்து. அந்த ஆள் பக்கத்தில் நின்றவரிடம் கெண்டையின் பித்தப்பையைத் தனியாக எடுத்துக் கொடுத்து, "பச்சையா முழுங்குங்க, உடம்புக்கு நல்லது" என்றார். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். கெண்டை இனங்களின் பித்தநீரில் நஞ்சு இருக்கிறது, வேகவைத்தாலும் போகாது. சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு. பிறகு கல்லீரலும் சிறுநீரகமும் பழுதாகும். உயிரிழந்தவர்களும் உண்டு. யாராவது விழுங்கிவிட்டால், வாந்தி நின்றதே என்று வீட்டில் இருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். அன்று அந்த மனிதரைத் தடுக்க எனக்கு வாய் வரவில்லை. அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

துண்டுகளோடு திரும்பப் போய்க் கேட்டேன். "கெண்டையில என்ன தம்பி பெரிய வித்தியாசம்?" என்றார். பணம் திரும்ப வரவில்லை. இப்போது முழு மீனைக் காட்டச் சொல்லி, செவுளைத் திறந்து பார்த்து, என் கண்ணெதிரே வெட்டினால்தான் வாங்குகிறேன்.