தோரனாகாவா, இயேயாசுவா? சாமுராய்த் தொடர்கள் வரலாற்றை வளைக்கும் விதம்

1600-ஆம் ஆண்டின் ஜப்பானைப் பற்றி ஒரு நல்ல தொடர் சொல்லுங்கள் என்று கேட்டால், இன்று பெரும்பாலோர் 2024-இல் வந்த 'ஷோகன்' என்றுதான் சொல்வார்கள். பத்து அத்தியாயம், பதினெட்டு எம்மி விருதுகள். 1980 செப்டம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஐந்து இரவுகள் ஓடிய பழைய 'ஷோகன்'தான் சிறந்தது என்று வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஜேம்ஸ் கிளாவெல் 1975-இல் எழுதிய ஒரே நாவல்தான் இரண்டுக்கும் மூலம். ஜப்பானியர்களோ, என்எச்கே தொலைக்காட்சி ஞாயிறு இரவுகளில் ஆண்டு முழுக்க ஓட்டும் 'தைகா' தொடர்களில் ஒன்றைச் சொல்வார்கள். என் தேர்வு 2016-இல் வந்த 'சனதா மாரு'.

மூன்றும் அதே சில மாதங்களைத் தொடுகின்றன. மூன்றையும் பார்த்த பிறகு எனக்குத் தோன்றியது இதுதான்: பெயரை மாற்றுவதாலோ தேதியை மாற்றுவதாலோ வரலாறு பெரிதாகக் கெடுவதில்லை. யார் பலசாலி, யார் பலவீனர் என்ற கணக்கை மாற்றும்போதுதான் உண்மை கைநழுவுகிறது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாட்டை ஒன்றாக்கிய தொயோதொமி ஹிதெயோஷி 1598 செப்டம்பரில் இறந்தார். வாரிசான ஹிதெயோரிக்கு அப்போது ஐந்து வயது. பையன் வளரும் வரை ஆட்சியைக் காக்க ஐந்து பெரும் பிரபுக்களை ஹிதெயோஷி நியமித்திருந்தார். அவர்களில் தோகுகாவா இயேயாசுதான் பெரியவர். 1600 அக்டோபர் 21-ஆம் தேதி செகிகஹாராவில் அவர் எதிரிகளை முறியடித்தார். 1603-இல் ஷோகன், அதாவது நாட்டின் ராணுவ ஆட்சியாளர், ஆனார். நாவலில் இயேயாசு தோரனாகா ஆகிறார், அவருடைய எதிரி இஷிதா மிட்சுநாரி இஷிதோ ஆகிறார். ஹொசொகாவா கராஷா என்ற கிறிஸ்தவப் பிரபுப் பெண் மாரிகோ ஆகிறாள். வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கில மாலுமி பிளாக்தோர்ன் ஆகிறார்.

சரி, இப்போது அந்தப் பலக் கணக்கு.

2024 தொடரின் முதல் அத்தியாயத்தில் தோரனாகா ஒசாகா கோட்டைக்குள் கிட்டத்தட்ட கைதி. மற்ற நான்கு பிரபுக்களும் கூடி அவரைப் பதவி நீக்கி மரணத்துக்கு அனுப்பப் பார்க்கிறார்கள். பல்லக்கில் பெண் வேடத்தில் ஒளிந்துதான் அவர் வெளியேறுகிறார். தோரனாகாவாக நடிக்கும் ஹிரோயுகி சனதா அந்த அமைதியான முகத்தோடு உட்கார்ந்திருக்கும்போது, ஐயோ, இந்த மனிதர் எப்படித் தப்பப் போகிறார் என்று நம் மனம் தானாகவே அவர் பக்கம் போய்விடுகிறது.

உண்மையான இயேயாசுவின் நிலை இதற்கு நேர் எதிர். அந்தக் காலத்தில் ஒரு பிரபுவின் பலத்தை 'கொகு' கணக்கில் அளப்பார்கள். ஒரு கொகு என்பது ஏறக்குறைய ஓர் ஆள் ஓராண்டு சாப்பிடும் அரிசி. இயேயாசுவின் நிலம் சுமார் 25 லட்சம் கொகு. அடுத்த இடத்தில் இருந்த மோரியும் உவெசுகியும் ஆளுக்கு 12 லட்சத்தை ஒட்டி இருந்தார்கள். தொடரில் ஐவரில் ஒருவராகவும் கோட்டையின் அதிபதியாகவும் வரும் இஷிதோவின் அசல் மிட்சுநாரி, அந்த ஐவரில் ஒருவரே கிடையாது. அவர் நிர்வாக அதிகாரி. நிலம் இரண்டு லட்சம் கொகுவுக்கும் சற்றுக் குறைவு. 1599-இல் ஏழு தளபதிகள் சேர்ந்து அவரைக் கொல்லத் துரத்தியபோது, அந்தச் சண்டையைத் தீர்த்து அவரைப் பதவியிலிருந்து விலக்கி ஊருக்கு அனுப்பியவரே இயேயாசுதான். அதே ஆண்டு இயேயாசு ஒசாகா கோட்டையின் மேற்கு வளாகத்தில் குடியேறி, அங்கே தனக்கென ஒரு கோபுரமும் எழுப்பிக்கொண்டார். அதாவது கோட்டைக்குள் கைதியாக இருந்தவர் யாரும் இல்லை. அந்த வீட்டின் எஜமானராக நடந்துகொண்டவர்தான் இருந்தார். 1600 ஜூலையில் அவர் ஒசாகாவை விட்டுக் கிளம்பியதும் உவெசுகியை அடக்கப் படையோடு, பட்டப்பகலில்தான். பல்லக்கில் ஒளிய வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

பதவி நீக்கக் குற்றச்சாட்டும் கற்பனை இல்லை. பதின்மூன்று அம்சங்கள் கொண்ட கண்டனக் கடிதம் ஒன்று உண்மையிலேயே நாடு முழுக்கப் போனது. ஆனால் அது வந்தது 1600 ஆகஸ்ட் 25-இல், அவர் படையோடு கிழக்கே போன பிறகு. அதில் இருந்த புகார்கள் பலவும் நியாயமானவை: தடையை மீறிப் பிரபுக்களுக்குள் திருமண உறவு ஏற்படுத்தினார், மேற்கு வளாகத்தைப் பிடித்துக்கொண்டார் என்பவை எல்லாம் நடந்தவைதான். இரண்டு 'ஷோகன்'களும் இந்தப் புகார்ப் பட்டியலை வில்லன்களின் சூழ்ச்சியாகவே காட்டுகின்றன. இந்த ஓர் இடத்தில் புதிய தொடர் மீது எனக்குக் கோபம்கூட உண்டு. இத்தனை நுணுக்கமாக உடையையும் மொழியையும் பார்த்துக்கொண்டவர்கள், மிட்சுநாரி தரப்பு பேசியதிலும் நியாயம் இருந்தது என்று ஒரு காட்சியாவது வைத்திருக்கலாம்.

'சனதா மாரு' இந்த இடத்தில் வேறு வழியில் போகிறது. அதன் நாயகன் சனதா நொபுஷிகே, தோற்ற அணியைச் சேர்ந்தவன். அங்கிருந்து பார்ப்பதால் இயேயாசு தள்ளிப்போட முடியாத ஒரு பெரும் பாரமாகத் தெரிகிறார். மிட்சுநாரி திறமையானவர், நேர்மையானவர், ஆனால் யாருக்கும் பிடிக்காதவர். வரலாற்று ஆவணங்கள் காட்டும் மனிதருக்கு இது எவ்வளவோ நெருக்கம்.

வெளிநாட்டு மாலுமி விஷயத்தில் 1980-க்கும் 2024-க்கும் இடையில்தான் பெரிய வித்தியாசம். பழைய தொடரில் பிளாக்தோர்னாக நடித்த ரிச்சர்ட் சேம்பர்லின்தான் மையம். ஜப்பானியப் பேச்சுக்குப் பெரும்பாலும் வசன வரிகளே கிடையாது. அவருக்குப் புரியாதது நமக்கும் புரியக் கூடாது என்பது யோசனை. தோரனாகாவாக வந்த தொஷிரோ மிஃபூனே போன்ற ஒரு நடிகர் என்ன பேசுகிறார் என்று தெரியாமலே பார்வையாளர்கள் பார்த்தார்கள். புதிய தொடரில் சுமார் எழுபது சதவீதப் பேச்சு ஜப்பானியம், அத்தனைக்கும் வசன வரிகள் உண்டு. பிளாக்தோர்ன் தெரியாமல் தடுமாறும்போது நாம் எல்லாம் தெரிந்து பார்க்கிறோம். பழையது படமாக்கப்பட்டது ஜப்பானில், புதியது கனடாவில். ஆனாலும் ஜப்பானியர்கள் தங்களுக்குள் என்ன நினைக்கிறார்கள் என்பது இரண்டாவதில்தான் தெரிகிறது.

ஆடம்ஸின் உண்மைக் கதையோ இரண்டிலும் முழுதாக இல்லை. 1598-இல் ராட்டர்டாமிலிருந்து ஐந்து கப்பல்கள் கிளம்பின. ஜப்பானை எட்டியது 'லீஃப்டே' ஒன்றுதான். 1600 ஏப்ரலில் கியூஷூ தீவின் உசுகிக்கு வந்தபோது உயிரோடு இருந்தவர்கள் இருபத்துச் சொச்சம் பேர், அவர்களில் எழுந்து நிற்கக்கூடியவர்கள் ஒரு சிலரே. தொடர் இதை இஸு தீபகற்பத்தின் அஜிரோவுக்கு மாற்றிவிடுகிறது. கப்பலுக்கு 'எராஸ்மஸ்' என்று பெயர் வைத்தது மட்டும் வெறும் கற்பனை இல்லை, லீஃப்டேவின் பழைய பெயரே அதுதான். கப்பலின் பின்புறத்தில் இருந்த எராஸ்மஸின் மரச்சிலை எப்படியோ சானோ என்ற ஊரின் ஒரு பௌத்தக் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தது. கப்பலைக் கண்டுபிடித்ததாகச் சொல்லப்படும் பழங்கதைச் சீனர் ஒருவரின் பெயரால் ஊரார் அதை வணங்கிவந்தார்கள். ஐரோப்பிய அறிஞர் ஒருவர் ஜப்பானியக் கிராமத்தில் சாமியாக உட்கார்ந்திருந்த கதை! இதை ஏன் எந்தத் தொடரும் தொடவில்லை என்று எனக்கு இன்னும் ஆதங்கம்.

பீரங்கிப் படைக்குப் பயிற்சி கொடுக்கும் வெள்ளைக்காரர் என்ற சரடும் நீளத்துக்கு மீறி இழுக்கப்பட்டது. ஜப்பானுக்குத் துப்பாக்கி 1543-இலேயே வந்துவிட்டது. 1575-இல் நாகஷினோவில் அதை வைத்துப் பெரிய போரே நடந்தது. ஆடம்ஸால் இயேயாசுவுக்குக் கிடைத்தது கப்பல் கட்டும் கலை, கணிதம், போர்த்துகீசியர் சொல்லாத உலகச் செய்தி. பதிலுக்கு ஹெமி என்ற ஊரில் நிலமும் 'மியுரா அன்ஜின்' என்ற பெயரும் கிடைத்தன.

மாரிகோ விஷயத்துக்கு வருவோம். இரண்டு 'ஷோகன்'களையும் எடைபோட இதுதான் சரியான தராசு.

கராஷா, ஒதா நொபுநாகா என்ற தன் தலைவரையே கவிழ்த்த அகெச்சி மிட்சுஹிதேயின் மகள். துரோகியின் மகள் என்பதால் கணவர் ஹொசொகாவா ததாஓகி அவளை மலைக்கிராமம் ஒன்றில் ஒளித்து வைத்தார். பிறகு ஒசாகா மாளிகைக்கு அழைத்து வந்தாலும் வெளியே விடவில்லை. 1587-இல் கணவர் போருக்குப் போயிருந்தபோது ஒருமுறை ரகசியமாகத் தேவாலயத்துக்குப் போனாள். திரும்பவும் வெளியேற முடியாததால், வீட்டுக்குள்ளேயே கியொஹாரா மரியா என்ற தோழி கையால்தான் ஞானஸ்நானம் பெற்றாள். அப்படிப்பட்ட ஒருத்தியை ஆங்கில மாலுமியோடு இஸு, எதோ (இன்றைய டோக்கியோ), ஒசாகா என்று ஊர் ஊராகப் பயணம் செய்யவைத்தது நாவலின் கற்பனை. இருவரும் சந்தித்ததற்கே சான்று இல்லை. 1980 தொடர் இதை முழுக் காதல் கதையாக்கியது. 2024-இல் அன்னா சவாய் அதை அடக்கி வாசிக்கிறார், காதலைவிட மாரிகோவின் கடமைக்கும் கோபத்துக்குமே இடம் அதிகம்.

ஆனால் கற்பனையின் உச்சமாகத் தோன்றும் மரணக் காட்சிதான் உண்மைக்கு மிக அருகில் இருக்கிறது. 1600 ஆகஸ்ட் 25, கண்டனக் கடிதம் தேதியிடப்பட்ட அதே நாள். இயேயாசுவோடு போன பிரபுக்களின் மனைவிகளைப் பணயக்கைதிகளாகப் பிடிக்க மிட்சுநாரி தரப்பு ஆட்களை அனுப்பியது. கராஷா மறுத்தாள். கிறிஸ்தவள் என்பதால் தற்கொலை பாவம். எனவே வீட்டுக் காரியஸ்தர் ஒகசவாரா ஷோசாய் அவள் உயிரை எடுத்தார். பிறகு மாளிகைக்குத் தீ வைத்துவிட்டுத் தானும் வயிற்றைக் கிழித்துக்கொண்டார்.

புதிய தொடர் இந்த ஒரே நிகழ்ச்சியை இரண்டாகப் பிரித்திருக்கிறது. முதலில் மாலை நேரத்தில் மாரிகோ வெள்ளை உடையில் மண்டியிட்டு, தன் தலையை வெட்டி உதவ யாராவது வரமாட்டார்களா என்று காத்திருப்பது. அது ஷோசாயின் பங்கு. பிறகு இரவில் வெடிமருந்துக்கு முன் கதவில் சாய்ந்து நிற்பது. அது மாளிகை எரிந்ததன் பங்கு. இப்படிப் பிரித்ததால் ஒரு பெண்ணின் மறுப்பு எவ்வளவு நேரம் நீள முடியும் என்பதை முகத்துக்கு நேரே பார்க்க முடிகிறது. இந்த வளைப்பை நான் மனதார ஏற்றுக்கொள்கிறேன். ஏற்க முடியாதது, அந்தச் சாவே தோரனாகாவின் திட்டம் என்று ஆக்கியதுதான். இயேயாசு அங்கே யாரையும் அனுப்பவில்லை. அவள் மறுப்பு அவளுடையது, கணவர் போகும்போது போட்ட கட்டளையும் அதன் பின்னால் இருந்தது.

இரண்டு 'ஷோகன்'களும் காட்டாத ஒரு துண்டு இருக்கிறது. அந்த இரவு கராஷாவின் மருமகள் சியோ பக்கத்து உகிதா மாளிகைக்குத் தப்பிப் போய்விட்டாள். அங்கே அவள் அக்காதான் வீட்டுத் தலைவி. தன் மனைவி இறந்திருக்க மருமகள் பிழைத்ததை ததாஓகியால் தாங்க முடியவில்லை. அவளைத் தள்ளிவை என்று மகனிடம் சொன்னார். மகன் ததாதகா மறுத்து, வாரிசு உரிமையையே இழந்தான். இறந்தவளுக்குப் புகழ், பிழைத்தவளுக்குத் தண்டனை. நாம் சாமுராய் மானம் என்று கைதட்டும் விஷயம் வீட்டுக்குள் எப்படி இருந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. அந்த இரவில் தப்ப அனுமதிக்கப்பட்ட ஷிமோ என்ற பணிப்பெண் 48 ஆண்டுகள் கழித்து, கராஷாவின் பேரன் கேட்டுக்கொண்டபடி, நடந்ததை எழுதி வைத்தாள். எனக்கு மட்டும் வசதி இருந்தால், அந்தக் கிழவி உட்கார்ந்து நினைவுகூர்வதாகவே தொடரைத் தொடங்குவேன்.

செகிகஹாராப் போரைப் புதிய தொடர் காட்டவில்லை, தோரனாகா வாய்ச்சொல்லாகவே முடித்துவிடுகிறார். வாரிசின் கொடி களத்துக்கு வரவில்லை, கூட்டணி உடைந்தது என்கிறார். சாரம் சரிதான். ஹிதெயோரி ஒசாகாவை விட்டு வரவே இல்லை. நடந்த துரோகங்கள் மட்டும் அவ்வளவு நேர்த்தியாக இருக்கவில்லை. மலைமேல் நின்ற மோரி படை, 'வீரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்' என்று சாக்குச் சொல்லி இறங்காமலே இருந்துவிட்டது. ஜப்பானில் இன்றும் இதைக் காலிச் சாப்பாட்டுப் பெட்டிக் கதையாகச் சொல்கிறார்கள். 'சனதா மாரு' இந்தப் பெரும்போரை ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிட்டது. ஒளிபரப்பானபோது அதுவே பேச்சாக இருந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள்: சனதா குடும்பம் உவெதா கோட்டையில் இயேயாசுவின் மகன் ஹிதெததாவின் 38,000 பேரைத் தடுத்து வெற்றியில் இருந்தது. அப்போது தூரத்தில் எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிட்டது என்று செய்தி வருகிறது. அவர்களுக்கு அந்தப் போர் அவ்வளவுதான்.

ஆக, எதைப் பார்ப்பது? நேரம் குறைவென்றால் தயங்காமல் 2024 தொடர். கராஷாவின் நிழலை அவ்வளவு மரியாதையோடு வேறெங்கும் பார்க்கவில்லை. ஆனால் அதில் வரும் இயேயாசுவை நம்பாதீர்கள். அவரைப் புரிந்துகொள்ள ஐம்பது அத்தியாயம் உட்கார முடியுமென்றால் 'சனதா மாரு'. 1980 தொடரை மிஃபூனேவுக்காகப் பார்க்கலாம், வரலாற்றுக்காக வேண்டாம்.

புதிய 'ஷோகன்' இரண்டாம் பருவத்தின் கதை பத்தாண்டுகள் கழித்து நடக்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். அப்படியானால் 1614-இலும் 1615-இலும் நடந்த ஒசாகா முற்றுகையைத் தவிர்க்க முடியாது. காப்பேன் என்று சத்தியம் செய்துகொடுத்த அந்தப் பையன்மீது இயேயாசுவே படையெடுத்த முற்றுகை அது. ஹிதெயோரியும் அவன் தாயும் எரியும் கோட்டைக்குள் இறந்தார்கள். ஹிதெயோரியின் மகன் குனிமட்சுவுக்கு அந்தக் கால ஜப்பானியக் கணக்கில் எட்டு வயது. அவனைப் பிடித்து வந்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் மிட்சுநாரியின் தலையை வெட்டிய அதே ரொகுஜோ ஆற்றங்கரையில் வெட்டினார்கள். முதல் பருவம் முழுக்க நாம் நேசிக்கப் பழகிய முகம்தான் அந்த ஆணையைக் கொடுக்க வேண்டும். ஹிரோயுகி சனதா அதை எப்படி நடிக்கப்போகிறார் என்று காத்திருக்கிறேன்.