முதல் கிளாஸ், கடைசி கிளாஸ், கலந்த கிளாஸ்: ஃபார்ம் ஒன்னுக்கு எது சரி?

என் பசங்க ரெண்டு பேரும் மலேசியாவுல, கோலாலம்பூர் செந்தூல்ல தமிழ்ப்பள்ளி முடிச்சிட்டு செகண்டரி போனவங்க, அதோட முதல் வருஷம்தான் ஃபார்ம் ஒன். மூத்தவன் ஸ்கூல்ல மார்க் பாத்து முதல் கிளாஸ்ல இருந்து கடைசி கிளாஸ் வரைக்கும் பிரிச்சாங்க, சின்னவ ஸ்கூல்ல எல்லாரையும் கலந்து போட்டாங்க.

மார்க் பாத்து பிரிச்சா சிக்குங்களுக்கு, அதாவது டீச்சருங்களுக்கு, சௌகரியம், அத ஒத்துக்கிறேன். ஆனா மொத்த மார்க்க கூட்டுறாங்க பாருங்க, அங்கதான் நம்ம பிள்ளைங்க மாட்டிக்கிறாங்க. மூத்தவன் மேட்ஸ்ல கெட்டி, ஆனா 6 வருஷம் கணக்கு, சயின்ஸ் எல்லாம் தமிழ்ல படிச்சவன், மலாய்ல கட்டுரை எழுத திணறுவான், அந்த ஒரு பாடத்தோட மார்க்கு மொத்தத்தையும் கீழ இழுத்து கடைசி கிளாஸ்ல போட்டாங்க, அங்க மேட்ஸும் ஆமை வேகத்துல போச்சு. கொஞ்ச நாள்லயே “நாங்க கடைசி கிளாஸ்தானேம்மா”ன்னு சொல்ல ஆரம்பிச்சிட்டான், இன்னைக்கும் அத நெனச்சா மனசு கேக்கல.

கலந்த கிளாஸ்ல அந்த முத்திரை இல்ல. சின்னவளுக்கு எல்லா இனத்துலயும் கூட்டாளிங்க, பேசிப் பேசியே மலாய் சரளமா வந்துருச்சு. ஆனா 35 பேருக்கு ஒரு சிக்கு, நடுவுல இருக்கறவங்கள பாத்துதான் பாடம் போகும், சீக்கிரம் முடிச்சவ சும்மா உக்காந்திருப்பா, புரியாதவன் டியூஷனுக்கு ஓடுவான். இதுல 2016ல இருந்து டி.எல்.பி வேற, மேட்ஸும் சயின்ஸும் இங்கிலீஷ்ல நடத்துற கிளாஸ், நல்ல மார்க் எடுக்கறவங்க எல்லாம் அங்க போய் சேந்துட்டா அதுவே முதல் கிளாஸ் மாதிரி ஆயிடுது.

எனக்கு மனசுக்கு புடிச்சது பாடத்துக்கு பாடம் பிரிக்கிறது. சிங்கப்பூர்ல ரொம்ப வருஷமா மார்க் பாத்து பிரிச்ச எக்ஸ்பிரஸ், நார்மல் பிரிவுகள 2024ல செகண்டரி ஒன் சேந்த பசங்கள்ல இருந்து எடுத்துட்டாங்க. இப்ப கலந்த கிளாஸ்லதான் உக்காருவாங்க, மேட்ஸ், சயின்ஸ், மொழி மாதிரி பாடங்கள மட்டும் ஜி1, ஜி2, ஜி3ன்னு (ஜி3தான் மேல் தரம்) அவங்கவங்க தரத்துல படிப்பாங்க, ஒருத்தனே மேட்ஸ்ல ஜி3, இங்கிலீஷ்ல ஜி2 எடுக்கலாம். ஃபின்லாந்துல 1980கள்லயே ஸ்கூல்ல தரம் பிரிக்கிறத நிறுத்திட்டாங்க, ஆனா அங்க பின்தங்குன பிள்ளைக்கு தனியா சொல்லிக்கொடுக்க ஸ்பெஷல் டீச்சர் இருக்காங்க, நமக்கு அந்த வசதி எங்க.

பாடவாரியா பிரிச்சா டைம்டேபிள் போடறவங்களுக்கு தலைவலிதான், ஃபார்ம் ஒன் மொத்தத்துக்கும் மேட்ஸ் ஒரே நேரத்துல வரணும், அத்தன சிக்குங்களும் அப்ப ஃப்ரீயா இருக்கணும். அதனால மேட்ஸ், மலாய் ரெண்டுக்கு மட்டும் ஆரம்பிச்சா போதும், வருஷ நடுவுல ஒரு தடவ மார்க் பாத்து ஏத்தி இறக்கணும், அடுத்த பி.ஐ.பி.ஜி (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) மீட்டிங்ல இதத்தான் கேக்கப்போறேன்.