ட்ராகன், கோட்டை, ஒரு யாளி: டிஜிட்டல் டிசைனை வைத்துக் கையால் செய்த பிறந்தநாள் அட்டை

அக்காவின் மகளுக்கு இந்த மாதம் 9 வயது. ட்ராகன் என்றால் அவளுக்கு உயிர். போன வருடம் கடையில் வாங்கிக் கொடுத்த அட்டையை ஒரு தரம் திறந்து பார்த்தாள், மேசையில் வைத்தாள், விளையாட ஓடிவிட்டாள். அது எனக்கு மனதில் கிடந்தது. இந்த முறை என் கையாலேயே செய்வதென்று இணையத்தில் ஒரு மாயலோக டிசைன் தொகுப்பை வாங்கினேன். விலை நாலரை டொலர். வங்கி அட்டையில் 1,400 ரூபாவுக்குக் கிட்ட வெட்டினார்கள். அந்தத் தொகுப்பு எப்படி, அதைக் கடதாசியில் கொண்டுவர என்ன பாடு என்பதைத்தான் எழுதுகிறேன். டிசைன் அழகாக இருந்தால் மட்டும் போதாது, அட்டை தப்புவதும் கெடுவதும் பிரின்ட் போடும் இடத்தில்தான்.

தொகுப்பில் 12 பின்னணிக் கடதாசிகள், 46 தனி உருவங்கள். பின்னணிகள் எல்லாம் 12 அங்குலச் சதுரம், 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி), அதாவது சதுரத்தின் ஒரு பக்க நீளத்துக்கு 3600 பிக்சல். இரவு வானம், பாசி பிடித்த கல்மதில், நிலா வெளிச்சத்தில் காடு. காட்டின் மரப்பட்டையில் கூடத் தூரிகை போன தடம் தெரிகிறது. வரைந்தவருக்குக் கை மட்டுமல்ல, பொறுமையும் இருக்கிறது. ஏ4 கடதாசியின் அகலம் 21 சென்ரிமீற்றர்தான், எட்டேகால் அங்குலம். 12 அங்குலப் படம் அதில் முழுதாக அடங்காது. சுருக்கி அடக்கினால் நட்சத்திரங்கள் தூசியாகிவிடும். நான் சுருக்கவில்லை, பிடித்த பகுதியை மட்டும் வெட்டி எடுத்தேன்.

தனி உருவங்கள் பின்னணி இல்லாத பிஎன்ஜி கோப்புகள். கோட்டை, லாந்தர், காளான் வீடு, மூன்று ட்ராகன்கள். ட்ராகன்களின் செதில்களை ஒவ்வொன்றாக எண்ணலாம், அவ்வளவு தெளிவு. குறையும் உண்டு. ஒற்றைக்கொம்புக் குதிரையின் பிடரி மயிரைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு விடுபட்டிருக்கிறது, கறுத்த வானத்தின் மேல் வைத்தால் பளிச்சென்று தெரியும். வாழ்த்து வரிகள் ஆங்கிலத்தில் மட்டும். அதனால் தமிழை நானே போட்டேன். முதலில் பாவித்த மென்பொருளில் ‘கொ’ எழுதினால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று சிதறியது. இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப்பில் பிசகாமல் வந்தது. எழுத்துரு பலூ தம்பி, அதுவும் இலவசம். உருண்டு திரண்ட எழுத்து, பிள்ளைகளின் அட்டைக்கென்றே செய்தது போல இருக்கும்.

இனி பிரின்ட். வீட்டுக்குக் கிட்ட இருக்கிற கொமினிகேசன் கடைக்கு ட்ராகனை வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினேன். வந்த தாளில் ட்ராகனைச் சுற்றிக் கறுப்புக் கட்டம், செதில்கள் எல்லாம் மங்கல். கடையில் நின்ற பொடியன்தான் விஷயத்தைச் சொன்னான்: “அக்கா, படமா அனுப்பினா வட்ஸ்அப் சுருக்கிப்போடும், வெறுமையா இருக்கிற பின்னணியும் கறுத்துப் போயிரும். டொக்கியுமென்டா அனுப்புங்க, இல்லாட்டி பென் டிரைவில கொண்டு வாங்க.” அந்த ஒரு வார்த்தைக்கு அவனுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

ஆனால் இரண்டாவது தரமும் சரிவரவில்லை. திரையில் ஊதாவாக ஒளிர்ந்த வானம் தாளில் கத்தரிக்காய் நிறத்தில், அதுவும் வாடின கத்தரிக்காயாக வந்தது. திரை வெளிச்சத்தால் காட்டும் ஊதாவை நாலு மையைக் கலந்து அப்படியே கொண்டுவர முடியாது. பிறகு வானத்தை நாலு விதமாக வெளிறச்செய்து, ஒவ்வொன்றிலும் ஒரு கீற்றை ஒரே ஏ4 தாளில் அடுக்கி, கொழும்பு பம்பலப்பிட்டியில் ஒரு டிஜிட்டல் அச்சகத்தில் மாதிரி எடுத்துப் பார்த்தேன். மூன்றாவது கீற்று சரியாக இருந்தது. மாதிரித் தாள் 120 ரூபா. இந்தச் செலவை யாரும் மிச்சம் பிடிக்க வேண்டாம். “அக்சுவல் சைஸ்” என்று சொல்லியே பிரின்ட் எடுங்கள். “ஃபிட் டு பேஜ்” என்று விட்டால் படம் கொஞ்சம் சுருங்கும், அளந்து வைத்த மடிப்பெல்லாம் விலகிவிடும்.

படங்களை ஒட்டும் அடி மட்டைக்கு 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறிப் புறக்கோட்டை மலிபன் வீதிக்குப் போனேன். நீலக் கறுப்பில் பிரிஸ்டல் போட் என்ற தடித்த மட்டை, 250 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 250 கிராம்). லேசர் பிரின்ட்டை மடித்தால் மடிப்பில் மை வெடித்து வெள்ளைக் கோடு விழும். அதனால் மடிப்பு வரும் இடத்தில் பிரின்ட்டே இல்லாமல், இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக வெட்டி ஒட்டினேன். மடிப்புக்கு அடிமட்டம் வைத்து, மை தீர்ந்த பேனையால் ஒரு கோடு அழுத்தி இழுத்தால் போதும், போட் கத்தி வெட்டியது போல நேராக மடியும்.

உள்ளே கோட்டை எழும்பி நிற்க வேண்டும். ஏ4 போட்டைக் குறுக்கே பாதியாக மடித்து, மடிப்பிலிருந்து 3 சென்ரிமீற்றர் நீளத்துக்கு இரண்டு வெட்டு, இடையில் 2 சென்ரிமீற்றர். அந்தத் துண்டை உள்ளே தள்ளினால் சின்னப் படி ஒன்று வரும், அதன் முகப்பில் கோட்டையை ஒட்ட வேண்டும். முதல் கோட்டை 13 சென்ரிமீற்றர் உயரம். மூடிப் பார்த்தால் கோபுர நுனி அட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. வெட்டின் நீளமும் உருவத்தின் உயரமும் சேர்ந்து 14 சென்ரிமீற்றரைத் தாண்டக்கூடாது என்பது அப்போதுதான் விளங்கியது. 11 சென்ரிமீற்றருக்கு இன்னொன்று வெட்டினேன். எங்கள் வீடு மரீன் டிரைவ் பக்கம். கடல் ஈரத்தில் தண்ணிப் பசை தாளை நெளித்துவிடும், இரட்டைப் பக்க டேப்தான் கைகொடுத்தது.

தொகுப்பில் இல்லாத ஒன்றை நானே சேர்த்தேன். ட்ராகன் இருக்கும்போது யாளி இல்லாமல் எப்படி? கோயில் திருவிழாவில் போனில் எடுத்த யாளி வாகனப் படத்தைப் பார்த்து, சிங்க உடம்பு, யானைத் தும்பிக்கை, பிதுங்கிய கண் எல்லாம் பென்சிலால் வரைந்து ஸ்கேன் செய்தேன். ட்ராகனின் செதில் நிறத்தையே எடுத்து யாளிக்கும் பூசினேன். கத்தரிக்கோலால் தும்பிக்கையின் சுருளைச் சுற்றி வெட்டவே அரை மணித்தியாலம் போனது. கத்தரிக்கோலை அசைக்காமல் தாளைத் திருப்பினால் வளைவு வழுக்கிக்கொண்டு வரும். கோட்டை வாசலில் இரண்டும் எதிரும் புதிருமாக நின்றபோது, ஒரே கை வரைந்தது போலவே இருந்தது.

தொகுப்புக்கு ஐந்துக்கு நாலு கொடுப்பேன். வெள்ளைக் கோட்டுக்காக ஒன்று குறைத்தேன். சொந்தப் பாவனைக்கு மட்டும் என்று விதியில் தெளிவாகப் போட்டிருக்கிறார்கள், அட்டை செய்து விற்க நினைப்பவர்கள் அதை வாசித்துவிட்டு வாங்குங்கள்.

கேக் வெட்ட முதல் கொடுத்தேன். திறந்தாள், மூடினாள், திரும்பத் திறந்தாள். யாளியின் தும்பிக்கையில் விரலை வைத்து, “சித்தி, இது யானையா சிங்கமா?” என்று கேட்டாள்.

“யாளி. கோயில்ல சாமி ஏறி வாறது.”

“அப்ப ட்ராகனை விட இதுக்குத்தான் பலம்.”

அவளுடைய தம்பிக்கு மாசியில் பிறந்தநாள். அவனுக்கு இரண்டு யாளி வேணுமாம், ஒன்று சிவப்பில்.