அட்டை எண்ணைச் சேமிப்பதா, டோக்கனைச் சேமிப்பதா?

மாதந்தோறும் பணம் வசூலிக்கும் நிறுவனம், வாடிக்கையாளரின் அட்டை எண்ணை, நாட்டின் விதிகள் இடம் தந்தால், மறையாக்கம் செய்து (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி) சொந்த சர்வரில் வைக்கலாம்; அல்லது எண்ணைப் பேமென்ட் கேட்வேயிடமே (பணப் பரிமாற்றத்தை நடத்தித் தரும் சேவையிடமே) விட்டுவிட்டு, அது தரும் டோக்கனை, அதாவது எண்ணுக்குப் பதிலான ஒரு குறியீட்டை, மட்டும் சேமிக்கலாம். எங்கள் நிறுவனம் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தது. அந்த முடிவில் எனக்கும் பங்குண்டு என்பதால் என் சாய்வை மறைக்கப் போவதில்லை. அட்டையில் அச்சிட்டிருக்கும் சிவிவி என்ற பாதுகாப்பு எண்ணைப் பொறுத்தவரை பேச்சுக்கே இடமில்லை: பரிவர்த்தனைக்கு ஒப்புதல் கிடைத்தபின் வணிகர் அதை மறையாக்கம் செய்துகூட வைத்திருக்க அட்டைத் தரவுப் பாதுகாப்புக்கான பிசிஐ டிஎஸ்எஸ் விதிகள் அனுமதிப்பதில்லை.

சொந்த சர்வர் வழியில் மறையாக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஏஇஎஸ்-256 என்ற மறையாக்க முறையில் பூட்டிய எண்ணை உடைத்துத் திறப்பது நடக்கிற காரியமல்ல. அதனால்தான் ஊடுருவுபவர்கள் சாவியைத் தேடுகிறார்கள். அந்தச் சாவியைத் தரவுத்தளத்திலிருந்து பிரித்து வைக்க வேண்டும், காலக்கெடு முடிந்ததும் மாற்ற வேண்டும், அதை அறிந்த ஊழியர் விலகினால் அப்போதும் மாற்ற வேண்டும், பழைய பேக்கப்புகள் எந்தச் சாவியால் பூட்டப்பட்டவை என்ற கணக்கும் கையில் இருக்க வேண்டும். இவை ஒருமுறை செய்து முடிக்கிற வேலைகள் அல்ல; சிறிய குழுக்களில் முதலில் தள்ளிப்போவதும் இவைதான்.

இத்தனையும் ஒழுங்காக நடந்தாலும் எண் வேறு வழியில் கசியலாம். 2018இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமான நிறுவனத்தில் நடந்த ஊடுருவலை விசாரித்தபோது, சோதனைக்காக இயக்கி அணைக்காமல் விட்ட ஒரு வசதி, அட்டை விவரங்களை மறையாக்கம் இன்றி லாக் கோப்புகளில் (சர்வரின் செயல்பாட்டுப் பதிவுகளில்) எழுதிவந்தது தெரியவந்தது.

டோக்கன் முறையில் லாக் கசிந்தால் டோக்கன்தான் போகும். கேட்வேயிடம் எங்களை அடையாளம் காட்டும் ஏபிஐ சாவி இல்லாமல் அதைக் கொண்டு எவரும் எதையும் வாங்க முடியாது. அந்தச் சாவியே திருடுபோனாலும் உடனே ரத்து செய்துவிடலாம். பிசிஐ விதிகளைப் பின்பற்றுகிறோமா என்று நாங்களே நிரப்பும் சுயமதிப்பீட்டுப் படிவமும் வெகுவாகச் சுருங்குகிறது.

ஆனால் பணம் செலுத்தும் பக்கத்தைக் காக்கும் பொறுப்பு நீங்குவதில்லை. அதே 2018 ஊடுருவலில், அந்த நிறுவனத்தின் தளத்திலிருந்த ஜாவாஸ்கிரிப்ட் நிரல் மாற்றப்பட்டு, வாடிக்கையாளர் தட்டச்சு செய்த எண் அப்போதே வேறொரு தளத்துக்கும் சென்றது. 2020இல் விதிக்கப்பட்ட அபராதம் 2 கோடி பவுண்டு. எண்ணை உள்ளிடும் பெட்டியே நம் பக்கத்தில் இல்லாதபடி, வாடிக்கையாளரைக் கேட்வேயின் பக்கத்துக்கு அனுப்பிவிடுவதை நான் விரும்புவது இதனால்தான்.

கேட்வேயை மாற்ற நேரும்போது இம்முறையின் பலவீனம் தெரியும்: ஒன்றின் டோக்கன் பொதுவாக இன்னொன்றில் செல்லாது. பழைய கேட்வே அட்டை எண்களைப் புதியதற்கு நேரடியாக மாற்றித் தராவிட்டால், வாடிக்கையாளர் அனைவரிடமும் மீண்டும் எண்ணைக் கேட்க வேண்டும். நாங்கள் இதுவரை மாற்றியதில்லை, ஆகவே அது எவ்வளவு சுமுகமாக நடக்கும் என்பதை அனுபவத்தில் சொல்ல இயலாது. கையெழுத்திடும் முன்பே அதற்கான நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்டோம்.