வெடித்த மேனிபோல்டுக்கு வெள்ளிப் பெயின்ற்: பழைய கார் வைத்திருப்போர் கவனத்துக்கு

வவுனியாவில் இருந்து கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு வரை பழைய கார் ஓட்டுகிற எல்லோரும் இதை வாசியுங்கள். எக்ஸோஸ்ட் மேனிபோல்ட் என்பது எஞ்சினின் புகையைச் சேர்த்துச் சைலன்சர் குழாய்க்கு அனுப்புகிற வார்ப்பிரும்புக் குழாய்த் தொகுதி. அது வெடித்தால் சில கராஜ்களில் கழற்றாமல், காரிலேயே வைத்துச் சாதாரண இரும்பு வெல்டிங் குச்சியால் ஒட்டி, மேலே வெள்ளிநிறப் பெயின்ற் அடித்து, "வேறு மேனிபோல்ட் போட்டாச்சு" என்று காசு வாங்குகிறார்கள்.

ஏ9 வீதியோரக் கராஜ் ஒன்றில் கொரோலா 110 ஒன்றுக்கு நடந்தது இதுதான். பில்லில் மேனிபோல்ட், கேஸ்கட் (இடையில் புகை கசியாமல் வைக்கும் தகடு), ஒக்சிசன் சென்சர் (புகையில் உள்ள ஒக்சிசனை அளப்பது) என்று மூன்று சாமான்கள். கொஞ்ச நாளில், வெடிப்பால் முன்பு வந்த 'டிக் டிக்' சத்தம் திரும்பவும் வந்தது. மேனிபோல்டை மூடியிருக்கும் வெப்பத் தகட்டைக் கழற்றினால் உள்ளே அதே பழைய மேனிபோல்ட், வெல்டிங் ஓடிய கோட்டுக்குப் பக்கத்திலேயே புது வெடிப்பு. கேஸ்கட்டும் பழையதே. மேனிபோல்டைப் பூட்டும் ஸ்டட் (திருகுத் தண்டு) ஒன்று முறிந்து எஞ்சின் ஹெட்டுக்குள் இருக்க, அந்த இடத்தைச் சிவப்பு சிலிக்கனால் பூசி மறைத்திருந்தார்கள். மேனிபோல்ட் சூட்டுக்கு அந்தச் சிலிக்கன் நிற்காது, கருகி உதிரும். புதிதாகப் போட்டது சென்சர் மட்டும். அதுவும் தேவையில்லாத செலவு. வெடிப்பு வழியாக வெளிக்காற்று உள்ளே இழுபட, சென்சர் கூடுதல் ஒக்சிசனைக் காண்கிறது. பெற்றோல் குறைவு என்று நினைத்து எஞ்சின் கம்பியூட்டர் இன்னும் பெற்றோலை ஊற்றுகிறது. வெடிப்பு அடைபடாமல் எத்தனை சென்சர் மாற்றினாலும் பெற்றோல் குடிப்பது குறையாது.

வார்ப்பிரும்பில் இந்த வெல்டிங் ஏன் நிற்பதில்லை? அதில் காபன் 2 முதல் 4 வீதம் வரை இருக்கிறது. குளிர்ந்த இரும்பில் சாதாரண குச்சியால் ஒட்டினால் ஓரம் கண்ணாடிபோல் இறுகிவிடும். எஞ்சின் சூடாகி ஆறும்போது அந்த ஓரம்தான் முதலில் வெடிக்கும்.

சரியான வேலை இப்படித்தான் நடக்கவேண்டும். நட்டுகளுக்கு முதல் நாளே துருநீக்கி எண்ணெய் அடித்து, மேனிபோல்டை முழுதாகக் கழற்றி, எண்ணெயும் கரியும் போகச் சுத்தம் செய்யவேண்டும். வெடிப்பின் இரண்டு முனையிலும் 3 மில்லிமீற்றர் துளை போடவேண்டும், இல்லாவிட்டால் வெடிப்பு மேலும் ஓடும். பிறகு வெடிப்பு நெடுக 'வி' வடிவில் வெட்டி, ஹெட்டில் பொருந்தும் முகம் வளையாமல் தடித்த இரும்புத் தகட்டில் பூட்டி, 300 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, நிக்கல் குச்சியால் ஒரு தடவைக்கு 25 மில்லிமீற்றர் மட்டும் ஒட்டி, சூட்டோடு சூடாகச் சிறு சுத்தியலால் தட்டிவிட வேண்டும். முடிந்ததும் காய்ந்த மணலிலோ உமிச் சாம்பலிலோ புதைத்து, மறுநாள்தான் எடுக்கவேண்டும். நம் ஊர் அரிசி ஆலைகளில் கிடைக்கிற உமிச் சாம்பல் சூட்டை நன்றாகப் பிடித்து வைக்கும். தண்ணீர் ஊற்றி ஆற்றுகிறவரிடம் இருந்து சாமானை உடனே திருப்பி வாங்குங்கள்.

கடைசியில் லேத் பட்டறையில் முகத்தைச் சமப்படுத்தி, புதுக் கேஸ்கட் போட்டு, நட்டுகளை நடுவில் தொடங்கி இரு பக்கமும் வெளிநோக்கிப் படிப்படியாக முறுக்கவேண்டும். எவ்வளவு இறுக்கமாக முறுக்குவது என்பதற்கு அந்தந்த எஞ்சினின் கையேட்டைப் பாருங்கள். எஞ்சின் மவுண்ட் அறுந்திருந்தாலோ, சைலன்சர் குழாயைத் தாங்கும் பிராக்கெட் இல்லாவிட்டாலோ குழாயின் பாரம் முழுவதும் மேனிபோல்டில் தொங்கும். அதைச் சரிசெய்யாமல் புதிது போட்டாலும் வெடிக்கும்.

எங்களைக் கேட்டால், பெரிய வெடிப்புக்கு வெல்டிங்கை விட நல்ல பழைய மேனிபோல்ட் மேல். வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த கொழும்பு பஞ்சிகாவத்தையில் இருந்து எடுப்பித்தாலும் சோதிக்காமல் வாங்கவேண்டாம். கம்பியில் தொங்கவிட்டுத் தட்டுங்கள்: நல்லது மணிபோல் ஒலிக்கும், வெடித்தது 'டப்' என்று அடங்கும். மண்ணெண்ணெய் பூசித் துடைத்துவிட்டு சோக்குத் தூள் தடவினால், மயிர்க் கோடு வெடிப்பும் ஈரமாகத் தெரியும். "பவர் கூடும்" என்று விற்கிற குழாய் மேனிபோல்டில் சென்சர் பூட்டும் இடம் இருக்கிறதா, ஹெட்டில் பொருந்தும் தகடு 8 மில்லிமீற்றருக்குக் குறையாத தடிப்பா என்று மட்டும் பாருங்கள். மெல்லிய தகடு சூட்டில் வளைந்துவிடும்.

காரைக் கொடுக்குமுன் மேனிபோல்டின் வார்ப்பு எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். பழைய சாமான்களைத் திருப்பித் தரவேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள். வேலை முடிந்ததும் வெப்பத் தகட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகே காசு கொடுங்கள். வருமான அனுமதிப்பத்திரம் முடிகிற கிழமையில், புகைப் பரிசோதனைக்கு ஓடுகிற அவசரத்தில் இந்த வேலையைக் கொடுக்கவேண்டாம். அந்த அவசரத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

ஏற்கெனவே செய்தவர்கள் காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் பண்ணிக் கேளுங்கள். 'டிக் டிக்' என்ற சத்தம் அக்சிலரேற்றரோடு கூடி, சூடானதும் குறைந்தால் வெடிப்பு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். பக்கத்தில் கரிப் படிவும் தெரியும். அந்தக் காரில் கண்ணாடியைப் பூட்டி ஏசியில் நீண்டதூரம் போகாதீர்கள். நின்ற காரில் எஞ்சினை ஓடவிட்டுப் பிள்ளைகளைத் தூங்கவைக்கவே வேண்டாம். முன் கண்ணாடி அடியில் உள்ள காற்றுவழியால் காபன் மொனொக்சைட் உள்ளே வரலாம். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலையிடி, குமட்டல், தூக்கம் வந்தால் உடனே காரை நிறுத்தி எல்லோரையும் வெளியே இறக்குங்கள்.